அண்ணனின் சிகிச்சைக்கு என் பெயரில் இன்னொரு லோனா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீடு. வயது 44. பிடித்தம் போகக் கைக்கு 4,200 ரிங்கிட். அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அரசு மருத்துவமனையில் கீமோ நடக்கிறது. வெளிநாட்டில் 'மரபணு சிகிச்சை' செய்தால் குணமாகுமாம். 100,000 ரிங்கிட் லோன் எடு என்று தாய்மாமா நெருக்குகிறார். அவர் மகன் கல்யாணத்துக்கு நான் எடுத்த லோனுக்கே மாதம் 480 கட்டுகிறேன். கார் தவணை 620.

பதில்: மாமா கேட்டதும் கையெழுத்துப் போடுகிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். கல்யாணச் சாப்பாடு ஒரு வேளை. தவணை இன்னும் ஓடுகிறது.

5 விழுக்காடு ஃபிளாட் ரேட்டில் 10 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 50,000. மொத்தம் 150,000, மாதம் 1,250. அசல் குறைந்தாலும் வட்டி குறையாது, அதனால் உண்மை வட்டி 8.7 விழுக்காட்டை ஒட்டி வரும். பழைய தவணைகளோடு சேர்த்து 2,350. மிச்சம் 1,850-இல் வாடகை, சமையல், பெட்ரோல் எல்லாம். இப்படி 54 வயது வரை. அண்ணனுக்கு என்ன ஆனாலும் தவணை நிற்காது.

சரி, எதற்கு இந்தக் காசு? மரபணு சிகிச்சை என்றால் நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றி செல்லுக்குள் அனுப்புவது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. '2003-லேயே சீனாவில் அங்கீகாரம்' என்று விற்பவர்கள் காட்டுவார்கள். பி53 என்ற மரபணுவைச் செலுத்தும் அந்த மருந்து தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. பெருங்குடல் கட்டியில் பல மரபணுக்கள் ஒன்றாகக் கெட்டிருக்கும். ஒரு நல்ல மரபணுவைச் சுமந்து போகும் வைரஸ் எல்லா செல்லையும் எட்டுவதில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதை அழித்துவிடும். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. பேக்கேஜ் விலை சொன்னாலே உஷாராகுங்கள்.

மரபணுப் பரிசோதனை வேறு, எந்த மருந்து பலிக்கும் என்று கட்டியில் பார்ப்பது. அதற்குச் செலவழிக்கலாம். ராஸ், பிராஃப் என்ற இரண்டு மரபணுக்கள், எம்எஸ்ஐ என்ற மரபணுப் பிழை அளவு, இந்த மூன்றின் ரிசல்ட்டும் அண்ணனின் ஃபைலில் இருக்கிறதா என்று அடுத்த அப்பாயின்மெண்டில் கேளுங்கள். இல்லையென்றால், பயாப்சியிலோ அறுவையிலோ எடுத்த திசுவை லேப்பில் மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள், அதிலேயே பார்க்கலாம். ராஸ் மாறியிருந்தால் செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்து வேலை செய்யாது, வாங்கினால் வீண். எம்எஸ்ஐ அதிகமென்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கு வழி உண்டு; ஆனால் பரவிய நிலையில் 100 பேரில் நாலைந்து பேருக்குத்தான் அப்படி வரும்.

அந்தச் செலவுக்கு முதலில் அண்ணனின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). அதன் செஜாத்திரா கணக்கில் மருத்துவத்துக்கு எடுக்கலாம். நிபுணரின் உறுதிக் கடிதம் வேண்டும். உடன்பிறப்புக்காக உங்கள் கணக்கிலும் எடுக்க விதி இருக்கிறது. மாமாவிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். வேலைக்குப் போக முடியவில்லையென்றால், 60 வயதுக்குள் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) இயலாமைப் பென்ஷனுக்கு மனு போடச் சொல்லுங்கள். சந்தா போதுமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். விலை கூடிய மருந்து எழுதினால் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்தான் வழி.

மாமா தன் பெயரில் லோன் எடுத்துக்கொண்டு ஜாமீனுக்கு மட்டும் உங்களைக் கூப்பிடலாம். போகாதீர்கள். அவர் கட்டாவிட்டால் வங்கி அடுத்த ஃபோன் உங்களுக்குத்தான் போடும்.