கருவேப்பிலை மரத்துப் புழு

வணக்கம் அக்கா, நான் தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். இந்த டிசம்பர்ல இருந்து வேலை முடிஞ்சு வர்ற வழியில சில்வர்க்ளென் நேச்சர் ரிசர்வ்ல அரை மணி நேரம் பட்டர்ஃப்ளை பாக்கிறேன். போய் சேர அஞ்சரை ஆயிடுது, அதுக்குள்ள முக்காவாசி காணோம். எந்த நேரம் நல்லது, எந்த கேமரா வாங்கலாம்? வீட்டுலயும் வர வைக்க என்ன பூ வைக்கலாம்? இருக்கிறது ஒரே ஒரு கருவேப்பிலை மரம், அதையும் புழு தின்னுச்சுன்னு ஸ்ப்ரே அடிச்சுட்டேன்.
— க.

அன்புள்ள தம்பி,

நாள் முழுக்க உழைச்சுட்டு, வீட்டுக்கு ஓடாம அரை மணி நேரம் புல்லுக்கு நடுவுல நிக்கிறீங்களே, அதுக்கே உங்கள எனக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. கேமரா எல்லாம் விடுங்க, போன் போதும். பட்டர்ஃப்ளைக்கு உடம்பு சூடானாத்தான் பறக்க முடியும், வெயில் இறங்கினா ஒடுங்கிடும், ஆனா உங்க நேரத்துக்குன்னே ஒண்ணு இருக்கு, ஈவினிங் பிரவுன், பகல்ல சருகோட சருகா கிடந்துட்டு பொழுது சாயிறப்பதான் கிளம்பும், அழுகின பழம் கிடக்கிற இடத்துல பாருங்க. தமிழ்நாட்டுலயும் இதே பூச்சிதான்.

ஆனா அந்த ஸ்ப்ரே. கடைசியில ஒரு வரியா போட்டுட்டு போயிட்டீங்க, எனக்கு அத தாண்டி படிக்கவே முடியல. என்ன புழுன்னு குனிஞ்சு பாத்தீங்களா தம்பி? சின்னதுல பறவை எச்சம் மாதிரி, வளந்தா பச்சை, தொட்டா தலைக்குப் பின்னாடி செவப்பா கொம்பு நீட்டுமே, அதுவா? அப்படின்னா அது சிட்ரஸ் ஸ்வாலோடெயில், நீங்க சில்வர்க்ளென்ல தேடி அலையிற அதே கறுப்பு மஞ்சள் பட்டர்ஃப்ளை! எலுமிச்சையும் கருவேப்பிலையும் ஒரே குடும்பம், அந்த இலைக்குத்தான் அது முட்டை வைக்க வரும். பூ வச்சா தேன் குடிச்சுட்டு போயிடும், குஞ்சு வளர இலை வேணும். வீடு தேடி வந்தத மருந்தடிச்சு கொன்னுட்டு என்கிட்ட பூ கேக்கிறீங்க. அதுவும் அந்த இலையத்தானே குழம்புல தாளிக்கப் போறீங்க?

எங்க ஆயாவ 1960கள்ல, இனவாரியா ஆளுங்கள தனித்தனி ஏரியாவுக்குப் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம் டர்பன் கேட்டோ மேனர்ல இருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்போ, பெயின்ட் டின்ல ஒரு கருவேப்பிலை கன்னு கொண்டு வந்தாங்க. நான் பாக்கும்போது அது கூரை உயரம். எட்டு வயசுல ஒரு பச்சைப் புழுவ குச்சியால தட்டப் போனேன், சட்டுனு கொம்ப நீட்டிச்சு, ஒரு புளிச்ச நாத்தம், கத்திட்டேன். ஆயா வந்து குச்சிய பிடுங்கி முதுகுல ஒண்ணு வச்சாங்க, எனக்கு. "அது தின்னு மிச்சம் இருக்கு, போ." அப்புறம் அவங்களே அந்த கொத்த ஒடிச்சு ஜாம் பாட்டில்ல வச்சு, தினம் புது இலை போட்டாங்க. கொஞ்ச நாள்ல அது இடுப்புக்கு ஒரு நூல் கட்டிக்கிட்டு குச்சியில சாஞ்சு நின்னுச்சு, அசையல, செத்துப்போச்சுன்னு அழுதேன். ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில கூடு வெடிச்சு, ஈரத்துணி மாதிரி கசங்கின றெக்கையோட வெளிய வந்து தொங்கிச்சு, நாங்க ரெண்டு பேரும் டீய ஆற விட்டுட்டு அது விரியிறத பாத்துக்கிட்டே இருந்தோம். ஆயா அன்னிக்கு மரத்துல இலை பறிக்கல.

தம்பி, மழை பேஞ்சு மரம் கழுவினதும் புதுத் தளிர் வரும். அதுல மஞ்சளா ஊசித்தலை அளவுக்கு முட்டை இருக்கான்னு பாத்து எனக்கு எழுதுங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன்.