வாய்தவறிய சொல்லும் நம் ஓட்டும்

அன்புள்ள ஐயா,

பிரச்சாரத்தில் வாய்தவறி வரும் சொற்களை வெட்டி எடுத்துப் பரப்புவது அரசியலே இல்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் இப்படி நாலு வீடியோ வருகிறது. ஒருவர் கம்பராமாயணத்தைச் சேக்கிழார் எழுதியதாகச் சொல்கிறார். இன்னொருவர் பழமொழியைத் தலைகீழாகச் சொல்கிறார். கூட்டணிக் கட்சியின் சின்னம்கூடத் தெரியாமல் ஆப்பிளுக்கு ஓட்டுக் கேட்டார் ஒரு அமைச்சர். ஒரு வாக்கியத்தை ஒழுங்காகப் பேசத் தெரியாதவரிடம் இத்தனை கோடி மக்களின் நிர்வாகத்தை எப்படி ஒப்படைப்பது? பேச்சால் ஆட்சியைப் பிடித்த மாநிலம் இது. அப்புறம், நாங்கள் சாதாரண ஜனங்கள். பெரிய ஆட்களைக் கேள்வி கேட்க எங்கள் கையில் வேறு என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிப்பதை விடச் சொல்லவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல்லில் பாமக வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்ட அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், ஆப்பிள் என்று சொல்லிவிட்டு மாம்பழம் என்று திருத்திக்கொண்டார். பார்த்தபோது நானும் சிரித்தேன். ஆனால் ‘சின்னம்கூடத் தெரியாமல்’ என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு இருக்கிறது. அவருக்குச் சின்னம் தெரியும். தெரிந்ததால்தான் பழத்துக்குப் பதில் இன்னொரு பழம் வந்தது. வாய்தவறும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: பெயரின் இடத்தில் இன்னொரு பெயர், எண்ணின் இடத்தில் இன்னொரு எண். 2008 மே மாதம் அமெரிக்க அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில், ஓரிகன் மாநிலத்தில் பேசிய ஒபாமா, 57 மாநிலங்களுக்குப் போய்விட்டேன், இன்னும் ஒன்று பாக்கி என்றார். சொல்ல வந்தது 47. அமெரிக்காவில் 50 மாநிலங்கள்தான் என்பது அரசியல் சாசனச் சட்டம் கற்பித்த ஒருவருக்குத் தெரியாதா? ஆனால் அதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 நாடுகள் இருக்கின்றன, மனத்தில் இருந்தது வாயில் வந்துவிட்டது, இவர் ரகசிய முஸ்லிம் என்று மின்னஞ்சல்களைச் சுற்றுக்கு விட்டார்கள். களைப்பில் தவறிய ஒரு எண்ணை மதவெறுப்புக்குச் சாட்சியாக்கினார்கள். சிரிப்பாகத் தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரச்சார வேன் ஒன்றைப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். வேட்பாளர் காலையிலிருந்து பத்து இடத்தில் பேசியிருப்பார். தொண்டை கட்டியிருக்கும், கையில் வெந்நீர் பிளாஸ்க். பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து கிளைச் செயலாளர் ஒருவர் துண்டுச்சீட்டை நீட்டுவார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், வராத குடிநீர்க் குழாய், மூடிப்போன ஒரு மில். சித்திரை வெயிலில் அதை ஒரு கண்ணால் பார்த்தபடி, எதிர்க் கட்சியைத் திட்டிக்கொண்டே, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்ட, அவர் பேசி முடிக்க வேண்டும். நாளெல்லாம் திட்டிக்கொண்டிருக்கும் எதிராளியின் பெயர்தான் நாக்கு நுனியில் இருக்கும். இந்த நிலையில் பெயர் மாறுவது அதிசயமே இல்லை.

நீங்கள் ஓசூர்க்காரர் என்பதால் 2018 கர்நாடகத் தேர்தல் நினைவிருக்கும். மார்ச் 27ஆம் தேதி தாவணகெரெயில் அப்போதைய பாஜக தலைவர் அமித் ஷா செய்தியாளர்களிடம் பேசினார். ஊழலுக்குப் போட்டி வைத்தால் எடியூரப்பா அரசுக்குத்தான் முதலிடம் என்று அவர் சொன்னபோது, பாஜகவின் முதலமைச்சர் வேட்பாளரான அதே எடியூரப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் காதில் சொன்னதும், அப்போது ஆட்சியில் இருந்த காங்கிரஸ் முதலமைச்சர் சித்தராமையாவின் அரசு என்று திருத்திக்கொண்டார். திருத்தியது யாருக்கு வேண்டும்? அந்தச் சில வினாடிகளை ராகுல் காந்தியே ட்விட்டரில் போட்டார். சில நாளில், அமித் ஷாவின் இந்திப் பேச்சைக் கன்னடத்தில் சொன்ன பிரகலாத் ஜோஷி, மோடி நாட்டை நாசமாக்குவார் என்று மாற்றிச் சொல்லிவிட்டார், அதுவும் பரவியது. மளவள்ளியில் தன் கட்சி எம்எல்ஏ நரேந்திரசாமி பெயரைச் சொல்ல வந்த சித்தராமையா, நரேந்திர மோடி என்றார். ராகுலுக்கு, கர்நாடகம் கொண்டாடும் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் வாயில் நுழையவில்லை. மே 1ஆம் தேதி சாமராஜநகர் மாவட்டத்தில் பிரதமரே அதைக் கையில் எடுத்தார். காகிதம் பார்க்காமல் 15 நிமிடம் உங்கள் அரசின் சாதனையைப் பேசுங்கள், இந்தியிலோ ஆங்கிலத்திலோ உங்கள் தாயாரின் தாய்மொழியிலோ பேசுங்கள், அதில் விஸ்வேஸ்வரய்யா பெயரை ஐந்து முறை சொல்லுங்கள் என்று சவால் விட்டார். பெயர் உச்சரிப்பில் தொடங்கியது, தாயார் சோனியா பிறந்த இத்தாலியில் போய் முடிந்ததைக் கவனியுங்கள்.

அதே வாரங்களில் காவிரியில் என்ன நடந்தது? பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. தீர்ப்பைச் செயல்படுத்தும் திட்டத்தை ஆறு வாரத்தில் வகுக்கச் சொன்னது. கெடு மார்ச் 29. அதாவது அமித் ஷா வாய்தவறி இரண்டு நாள் கழித்து. கெடு தாண்டியதும் மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போய், கர்நாடகத்தில் தேர்தல் நடக்கிறது, இப்போது திட்டத்தை அறிவித்தால் பிரச்சினை வரும், மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டது. மே 3ஆம் தேதி, 15 நிமிடச் சவாலுக்கு இரண்டு நாள் கழித்து, பிரதமரும் அமைச்சர்களும் கர்நாடகத்தில் பிரச்சாரத்தில் இருப்பதால் அமைச்சரவை ஒப்புதல் வாங்க முடியவில்லை என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தில் சொன்னார். தேர்தல் முடிந்து, ஜூன் 1ஆம் தேதிதான் திட்டம் அரசிதழில் வந்தது.

இது வாய்தவறிய பேச்சு இல்லை. யோசித்து, எழுதி, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஒரு மாநிலத்தின் ஓட்டுக்காக இன்னொரு மாநிலத்தின் தண்ணீரைத் தள்ளிப்போட்ட விஷயம். தமிழ்நாட்டில் போராட்டங்கள் நடந்தன, உண்மைதான். ஆனால் எனக்கு வந்த வீடியோக்களில் எடியூரப்பாவின் முகம் மாறும் அந்தச் சில வினாடிகள்தான் அதிகம். அட்டர்னி ஜெனரல் சொன்னதை யாரும் அனுப்பவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

‘ஒழுங்காகப் பேசத் தெரியாதவர்’ என்கிறீர்கள். காமராஜர் மேடைப் பேச்சாளராகப் பெயர் வாங்கியவர் இல்லை. ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தார். பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் அவர் காலத்தில் எப்படிப் பரவின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். பேச்சுத் திறமை ஒரு வரம்தான், மறுக்கவில்லை. அது இல்லாதவரையும், இன்னொரு மொழியில் தடுமாறுபவரையும், ஊர்ப் பேச்சையே பேசுபவரையும் நம் கேலி முதலில் அடிக்கிறது. கேலிக்குப் பயந்து எழுதிவைத்துப் படித்தால் அப்போதும் விடுவதில்லை. துண்டுச்சீட்டு என்று அதற்கு ஒரு தனிக் கேலி. கடைசியில் தலைவர்கள் என்ன செய்கிறார்கள்? செய்தியாளர் கூட்டத்தைத் தவிர்க்கிறார்கள். முன்கூட்டி எழுதித் தராத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நஷ்டம் நமக்குத்தான்.

அப்படியானால் எந்தப் பேச்சையும் கேள்வி கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். 1976இல் அமெரிக்க அதிபர் ஃபோர்டு, சோவியத் பிடியில் கிடந்த கிழக்கு ஐரோப்பாவில் அதன் ஆதிக்கமே இல்லை என்று தேர்தல் விவாதத்தில் சொன்னார். கேள்வி கேட்டவர் திகைத்துப்போய், திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்து மறுபடி கேட்டார். ஃபோர்டு திருத்தவில்லை, போலந்து, ருமேனியா என்று பெயர் சொல்லி அதையே நிலைநாட்டினார். அதை வாய்தவறியது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2021 தேர்தலில் எடப்பாடி பழனிசாமியின் தாயாரைப் பற்றிய பேச்சுக்காக ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தேர்தல் ஆணையம் தடை விதித்தது. ஆப்பிளையும் இதையும் ஒரே ‘சர்ச்சைப் பேச்சு’ தொகுப்பில் டிவிக்காரர்கள் அடுத்தடுத்து ஓட்டும்போது, பெண்களை இழிவுபடுத்துவதும் சாதிப் பேச்சும் ஏதோ நாக்கு உளறியதைப் போல ஆகிவிடுகின்றன. பேசியவர்களும் வாய்தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். சுட்டிக்காட்டியதும் திருத்திக்கொண்டாரா, இல்லை அதையே பிடித்துக்கொண்டு நின்றாரா என்று பாருங்கள். என் கணக்கு அவ்வளவுதான்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், தன் பெயரிலும் மனைவி அல்லது கணவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். உச்ச நீதிமன்றத்தில் போராடி வாங்கிய உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது, காசு வேண்டாம். ஓசூரில் இந்த முறை நிற்பவர்களுடையதை இறக்கிப் படியுங்கள். போன தேர்தலிலும் நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்துச் சொத்துக் கணக்கைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். வழக்குப் பட்டியல் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் குடும்பக் குழுவில் போடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.