பி3 ஆட்டத்தில் எஃப்4: எப்போது தள்ளலாம்?

கேள்வி: மாவட்டச் சதுரங்கப் போட்டிகளில் ஆடுகிறேன். வெள்ளைக் காய் வந்தால் முதல் நகர்த்தல் பி3தான், அதாவது சிப்பாயை பி3 கட்டத்துக்குத் தள்ளுவேன். சென்ற ஆட்டம் 1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.குதிரை எஃப்3 இ4 4.குதிரை டி4 என்று போனது. கொஞ்ச நேரத்தில் எஃப்4 தள்ளினேன். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்வதற்குள் ராஜா மாட்டிக்கொண்டது. இந்த ஓபனிங்கை (தொடக்க ஆட்ட முறையை) விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். சறுக்கியது உங்கள் 3-ஆவது நகர்த்தல். பி3 ஆடுகிறவர் நடுக்கட்டங்களை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து அவற்றை அடிக்கப் பார்க்கிறார். அடிக்க இ5-ல் சிப்பாய் நிற்க வேண்டும். நீங்களோ குதிரையைக் காட்டி அதை இ4-க்கு விரட்டிவிட்டீர்கள். அங்கே அது எஃப்3 கட்டத்தைப் பூட்டிவிடும். ராஜாவைக் காக்க வேண்டிய குதிரைக்கு வீடு போச்சு. அதன்பின் தள்ளும் எஃப்4 எதையும் தாக்காது, உங்கள் ராஜாவின் கதவைத்தான் திறக்கும்.

இந்தக் குழியில் டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனே விழுந்திருக்கிறார். இந்த ஓபனிங்குக்கே அவர் பெயர்தான்! 1970, பெல்கிரேட், சோவியத் யூனியனுக்கும் உலக அணிக்கும் போட்டி. முதல் பலகையில் எதிரே அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சனின் குதிரை எஃப்3, டி4 என்று அலைந்து சி6-ல் வெட்டுப்பட்டுப் போனது. மூன்று நகர்த்தல் வீண். இ4-ல் கறுப்புச் சிப்பாய் உட்கார்ந்திருக்க, 10-ஆவதாக எஃப்4 தள்ளினார். உடனே ஜி4-ல் குதிரை இறங்கியது. 14-ஆவது நகர்த்தலில் ஸ்பாஸ்கி யானையை ஹெச்1-ல் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார். 17-இல் லார்சன் தோற்றார். போர்டில் காய்களை வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள், வலி புரியும்.

நீங்கள் 3.இ3 ஆடுங்கள். 3...டி5 (மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்) வந்தால் 4.பிஷப் பி5. சி6 குதிரை ராஜாவோடு கட்டுப்பட்டுவிடும் (நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் என்பதால் நகர முடியாது), இ5 சிப்பாய்க்குக் காவல் இருக்காது. கறுப்பு பிஷப்பை டி6-ல் வைத்துக் காத்தால், இப்போது தள்ளுங்கள் 5.எஃப்4! ராணி ஹெச்4-க்கு வந்து செக் சொல்லும். பலரும் இங்கேதான் பதறுகிறார்கள். 6.ஜி3 போதும், ராணி இ7-க்குத் திரும்பும். 7.குதிரை எஃப்3.

3...குதிரை எஃப்6 என்றாலும் 4.பிஷப் பி5தான். 4...டி6 ஆடினால் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுபோகாமல் இ2-ல் வையுங்கள். முதலில் காஸ்லிங், எஃப்4 அப்புறம்.