அப்பா கடகடவெனப் பேசுகிறார், ஒன்றும் புரியவில்லை: இது மனநோயா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூன்று வாரத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பந்தமில்லாமல் நிறையப் பேசுகிறார். நாம் கேட்பதற்கு வேறு எதையோ சொல்கிறார். மனநல மருத்துவரிடம் காட்டலாமா?

பதில்: ஸ்ட்ரோக்கைத் தொடர்ந்து வந்திருப்பதால், மனநோயைவிட 'வெர்னிக்கி அஃபேசியா'வுக்கே (சரளமாகப் பேசினாலும் பேச்சின் பொருள் புரியாமல் போகும் மொழிக் குறைபாடு) வாய்ப்பு அதிகம். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீட்டையும் பெறுங்கள்.

இடது காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக உள்ள மூளைப் பகுதி, காதில் விழும் ஒலியைச் சொல்லாக அடையாளம் காண உதவுகிறது. 1874-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கி இதை விவரித்தார். ஆனால் ஒரு சொல்லின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் இல்லை. 'மாம்பழம்' என்றால் அதன் நிறம், வாசனை, கையில் பிடிக்கும் விதம் எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கூடி வருகின்றன. அப்பாவுக்கு மாம்பழம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கலாம். அந்த ஒலியிலிருந்து அதற்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது. தன் பேச்சையும் அவரால் சரியாகக் கேட்டறிய முடியாது. அதனால்தான் 'கட்டில்' என்பதற்கு 'பட்டில்', 'சோறு' என்பதற்கு 'தண்ணீர்' என்று வந்தாலும் நிறுத்தித் திருத்துவதில்லை.

கை கால் தப்பியதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன பகுதிக்கு ரத்தம் தரும் குழாய்க்கு மேல், கீழ் என இரு கிளைகள் உண்டு. கையை இயக்கும் பகுதிக்கு, பெரும்பாலும் மேல்கிளை ரத்தம் தருகிறது; காலை இயக்கும் பகுதிக்குப் பெரும்பாலும் வேறு ரத்தக்குழாய். இங்கே அடைபடுவது கீழ்க்கிளை.

வீட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று: குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகபாவத்தையும் அறிவதில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு; பாதிப்பு இடப்பக்கத்தில் என்பதால் அந்தத் திறன் அவரிடம் இருக்கலாம். நீங்கள் தலையாட்டியபடி "மாத்திரை போட்டாச்சா?" என்றால் அவரும் தலையாட்டுவார். அது பதில் அல்ல. சோதிக்க வேண்டுமானால், சைகை காட்டாமல், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கதவைக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரையை நீங்களே எண்ணிக் கொடுங்கள்; பணம், பத்திரம் எதிலும் இப்போது கையெழுத்து வாங்காதீர்கள்.

அன்றாடப் பேச்சில் இதற்கு நேர்மாறாக, சைகையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரே விஷயம், நாலைந்து சொல்லுக்குள். டம்ளரைக் காட்டிக் கேளுங்கள். கத்த வேண்டாம், காது கேட்கிறது. எழுதிக் காட்டுவதும் பெரும்பாலும் பலிக்காது, ஏனெனில் வாசிப்பும் பாதிக்கப்பட்டிருக்கும், படம் உதவும்.

முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். வலப்பக்கப் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் வைத்த தட்டு அவர் கண்ணில் படாமலே இருக்கலாம்.