மஜெஸ்டிக்லி: கம்பீரமா, ஆடம்பரமா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘மஜெஸ்டிக்லி’ என்னும் சொல்லை ‘ஆடம்பரமாக’ என்று மொழிபெயர்க்கலாமா? ‘திருமணம் மஜெஸ்டிக்லி நடந்தது’ என்று எழுதுவது சரியா?

பதில்: பொருந்தாது. பெருமை, மேன்மை எனப் பொருள்படும் ‘மாயெஸ்தாஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ‘மாட்சிமை தங்கிய’ என்று அரசரைக் குறிக்கப் பயன்படும் ‘மெஜஸ்டி’யின் வழிவந்தது என்பதால், இந்த வினையடையில் பணச்செலவு தெரிவதில்லை; நிமிர்வும் நிதானமுமே தெரிகின்றன. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் மெல்ல நுழைவதையும், கழுகு சிறகசைக்காமல் வானில் வட்டமிடுவதையும், சமவெளிக்கு மேலே மலை உயர்ந்து நிற்பதையும் இச்சொல்லால் வருணிப்பார்கள். அணில் எவ்வளவு அழகாக ஓடினாலும் அதற்கு இது ஒட்டாது, கேலிக்குச் சொன்னாலொழிய. தமிழில் ‘கம்பீரமாக’ என்பதே நெருங்கி வரும். ஆடம்பரமாக நடந்த திருமணத்துக்கு ‘லாவிஷ்லி’ என்று எழுதுங்கள்.

இதற்கு நெருக்கமான ‘ராயலி’ என்ற சொல்லிடம் சற்று எச்சரிக்கை தேவை. அரச மரியாதையோடு என்ற பொருள் அதற்கு உண்டு என்றாலும், பேச்சு வழக்கில் ஒருவர் ‘ராயலி’ ஏமாந்தார் என்றால், அடியோடு ஏமாந்தார் என்றே பொருள்.

எழுத்துக்கூட்டும்போது ‘மஜெஸ்டிக்’ என்பதற்கும் ‘லி’ என்பதற்கும் இடையில் வரும் ‘ஏ, எல்’ எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். அந்த அசை உச்சரிப்பில் மறைந்துவிடுவதால்தான் பலரும் அங்கே தவறுகிறார்கள்.