மானிங் எண்ணும் வேலிக்கருவையும்

அன்புள்ள ஐயா,

கண்மாய் வரத்துக்கால்வாய்கள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். எங்கள் ஊர்க் கால்வாயின் புகைப்படத்தையும் அளவுகளையும் கொடுத்து, அதன் நீரோட்டத் தடையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கணிக்க எண்ணுகிறேன். பாடநூல் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணைப் பொறுக்குவதைவிட இது மேலல்லவா?

வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

அட்டவணையின்மேல் உங்களுக்குள்ள ஐயம் நியாயமானதே. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த, நீரின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் சாய்வையும் நீரியல் ஆரத்தையும் (நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) அளந்துவிடலாம். கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் 'என்' (n) என்ற மானிங் எண் மட்டும் பெரும்பாலும் கண்மதிப்பில் வருவது. ஒரே கால்வாயின் கரையில் நின்று ஒருவர் 0.025 என்பார், கோரையையும் சம்பையும் கணக்கில் கொண்டு மற்றவர் 0.050 என்பார். அதே ஆழத்துக்கு வேகம் பாதியாகிவிடும். அகன்ற கால்வாயில் அதே அளவு நீர் போக வேண்டுமானால் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும். மண்கரை உடைவதற்கு அது போதும்.

கோரை, நீர் குறைவாக ஓடும்போது நிமிர்ந்து நின்று தடுக்கும், வெள்ளம் மூழ்கடித்ததும் படுத்து வழிவிடும். ஆகவே தடை ஆழத்தோடு மாறுகிறது. இத்தகைய வளைந்த தொடர்புகளைக் கற்பதில், தரவிலிருந்து பயிலும் செயற்கை நுண்ணறிவு முறையான நரம்பு வலைப்பின்னல்கள் கெட்டிதான். ஆனால் அவை எங்கே கற்றன என்று பாருங்கள். அவற்றுக்குக் கொடுக்கப்படும் தரவில் பெரும்பங்கு ஆய்வகத்துச் சோதனைக் கால்வாய்களில், சீரான இடைவெளியில் நட்ட குச்சிகளிடையே நீரை ஓடவிட்டு எடுத்தது. நம் வேலிக்கருவையோ (சீமைக்கருவேலம்) அடியிலிருந்தே கிளைத்து, வளையாமல் நின்று, தென்னமட்டையையும் பாலித்தீன் பையையும் பிடித்துவைத்து, தன்னையே ஓர் அணையாக்கிக்கொள்வது. அதைப் பார்த்திராத கணினி, அதற்கும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். எனக்கு அச்சம் அந்தத் தயக்கமின்மைமேல்தான்.

இன்னொன்று, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கையில் உள்ளீடுகளை முதலில் பாருங்கள். சிலவற்றில், நீரின் வேகத்தை ஆழத்தோடு ஒப்பிடும் ஃப்ரூட் எண் இருக்கும். அதற்குள் வேகம் ஒளிந்திருக்கிறது. வேகம் தெரிந்துவிட்டால் 'என்' சூத்திரத்திலிருந்தே வந்துவிடுமே, கணிப்பு எதற்கு?

சாய்வில் வரும் பிழையைத்தான் நம் கரையோரத்தில் பெரிதாகக் கருத வேண்டும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து தேங்கும் தட்டை நிலம் இது. ஐயாயிரத்துக்கு ஒன்று சாய்வென்றால் கிலோமீட்டருக்கு வீழ்ச்சி 20 சென்டிமீட்டர். மட்டம் பார்ப்பதில் 5 சென்டிமீட்டர் தவறினால் 'என்' 12, 13 சதவீதம் பிசகும். அந்தப் பிசகான எண்ணையே சரியான விடையென்று கணினிக்குக் கற்பித்தால், அது பிசகையும் கற்கும்.

எனவே கணினியை விட்டுவிடச் சொல்லவில்லை, உங்கள் கால்வாயின் அளவுகளை அதற்கு முதலில் ஊட்டுங்கள் என்கிறேன். ஐப்பசியில் நீர் வந்ததும் நேரான ஒரு பகுதியில், பாதி அமிழ்ந்து மிதக்கும் தேங்காயொன்றை விட்டு, ஐம்பது மீட்டரைக் கடக்கும் நேரத்தைப் பலமுறை குறியுங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். அன்றைய ஆழத்தையும் நீர்மட்டச் சாய்வையும் புகைப்படத்தையும் உடன் வையுங்கள். கார்த்திகையில் செடி மண்டிய பிறகு மறுபடியும் எடுங்கள். முகத்துவாரத்தின் அருகே கடல் ஏறிநிற்கும் வேளையில் எடுத்த அளவுகளை மட்டும் தனி ஏட்டில் எழுதுங்கள். அப்போது நீரைத் தேக்குவது கடல், அந்தப் பழியைக் கோரையின்மேல் போடக்கூடாது.