“கொண்டக்காத்து” என்று அடித்தால் வராது, “கொண்டல்” மட்டும் போடுங்கள்

கிழக்குக் காற்றுக்கு உங்கள் தாத்தா சொன்ன “கொண்டக்காத்து” தமிழ் லெக்சிகனின் இணையத் தேடலில் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காத்து, காற்று இரண்டையும் வெட்டிவிட்டுத் தலைச்சொல்லை, அதாவது அகராதியில் பதிவின் தலைப்பாக நிற்கும் சொல்லை, மட்டும் தேடுங்கள். தேவிபட்டினத்தில் உங்கள் தாத்தா பேச்சில் ஒட்டிச் சொன்னதைத் தமிழ் லெக்சிகன் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அது 1924 முதல் 1936 வரை வந்த அச்சு அகராதி. இணையத்தில் ஏறினாலும் குணம் மாறவில்லை, பேச்சு வடிவம் பெரும்பாலும் அதற்குப் புரியாது.

வினைச்சொல்லும் அப்படித்தான். “துடுப்பு வலிக்கிறான்” என்று போட்டால் ஒன்றும் கிடைக்காது, “வலித்தல்” என்று போகவேண்டும்.

“கொண்டல்” போட்டும் வரவில்லையா? அப்படியென்றால் சொல்லைப் பிடிஎஃபில் இருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். “கொ”வில் உள்ள கொம்பும் காலும் சில கோப்புகளில் தனித்தனிக் குறிகளாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடுபொறிக்கு வேறு சொல். அழித்துவிட்டுக் கையால் அடித்துப் பாருங்கள். நானும் பாம்பனில் உட்கார்ந்து ஒரு மீன் பெயருக்காக அரை நாள் இப்படித்தான் தொலைத்தேன்.

அப்புறம், தலைச்சொல்லே தெரியாவிட்டால் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் முழு உரைத் தேடல் இருக்கிறது. பொருள் விளக்கம் ஆங்கிலத்திலும் இருப்பதால், கிழக்குக் காற்றுக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பின்வழியாக வரலாம்.

ஒன்று மட்டும்: கொண்டலுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கடல்காரர் சொற்கள் எல்லாமே அதில் ஏறிவிடவும் இல்லை. அதனால் தேடிக் கிடைக்காவிட்டால் தாத்தா சொன்னது தப்பு என்று எழுதிவிடாதீர்கள்.